கற்பகத்துக்கு ஏற்ற துப்பாக்கி

முதல் முறையாகத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கடைக்குப் போனதும் துப்பாக்கியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கையை. செருப்பு வாங்கப் போகிறவன் காலை வீட்டில் வைத்துவிட்டா போகிறான்? ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில் பதினேழு வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நல்ல துப்பாக்கி, கெட்ட துப்பாக்கி என்று எதுவும் கிடையாது. இந்தக் கைக்கு ஆகும், ஆகாது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று கற்பகத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். போன வருஷம் ஆனி மாதம் புருஷன் கமலக்கண்ணனைத் திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்டாள், விபத்து என்று நீங்களே முடித்த வழக்கு அது. இப்போது அவன் தம்பி துரை ஒரு மனு கொடுத்ததும், தெரிந்தேதான் சுட்டாள், திட்டம் போட்டுச் செய்தாள் என்கிறீர்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கற்பகத்துக்குத் திட்டம் போடத் தெரியாது. அந்தத் திட்டம் என்னுடையது. இந்தியன் வங்கிக்கிளை ஒன்றில் காவலுக்கு நிற்கும் வீரபாகு ஆகிய நான் இதை என் கைப்பட, யாருடைய மிரட்டலும் இல்லாமல் எழுதித் தருகிறேன். முழுவதும் படித்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எங்கள் குடும்பம் முள்ளிப்பட்டில் தறி போட்ட குடும்பம். எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்க்கும். வியர்வை பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். பதினெட்டு வயதில் அப்பா என்னைத் தறியிலிருந்து எழுப்பி வேலூருக்கு ஆளெடுப்புக்கு அனுப்பினார். துப்பாக்கிக்கு வியர்வையைப் பற்றிக் கவலை இல்லை, துடைத்துவிட்டு எண்ணெய் போட்டால் போதும். அங்கே என்னை யாரும் எழுப்பி அனுப்பவில்லை.

கற்பகம் என் தாய்மாமன் மகள். கமலக்கண்ணன் என் சித்தி மகன். எனக்கும் முறைப்பெண், அவனுக்கும் முறைப்பெண். எண்பத்து நாலில் லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் பெண் கேட்டார்கள். அவள் உள்ளிருந்து வந்து பத்துப் பேர் நடுவில் நின்று, “எனக்கு கமலக்கண்ணனத்தான் புடிச்சிருக்குது. மாமா மனசுல வச்சிக்க வாணாம்” என்றாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது தானாக வரும் பேச்சா? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கமலக்கண்ணன் அவளை அடித்ததில்லை, குடித்ததில்லை. இல்லாததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இருபது தறிக்கு நூல் கொடுக்கிறவன் ஆனதும் மாதம் இரண்டு தடவை பெங்களூருக்குப் பட்டு வாங்கப் போய்விடுவான். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் தனியாக இருப்பாள். இரண்டாயிரத்து ஒன்றில் ஆற்காடு ரோட்டில் இரண்டு வீடுகளில் கொள்ளைக்காரர்கள் பின்பக்கமாகப் புகுந்து ஒரு அம்மாவைக் கட்டையால் அடித்துப் போட்டார்கள். அதிலிருந்து கற்பகத்துக்குத் தூக்கமில்லை. பட்டாளத்திலிருந்து வந்து வங்கி வேலையில் சேர்ந்திருந்த என்னிடம் கமலக்கண்ணன் யோசனை கேட்டான். அவள் பெயரிலேயே லைசென்ஸுக்கு எழுதிப் போடச் சொன்னேன். எட்டு மாதம் அலைந்து கிடைத்தது.

சென்னையில் கடைக்கு மூன்று பேரும் போனோம். கமலக்கண்ணன் பிஸ்டல்தான் வேண்டும் என்று நின்றான். தட்டையாக, பளபளப்பாக, அழகாக இருந்ததாம்.

“இன்னாடா, பட்டுப்பொடவையா எடுக்க வந்துகிற?” என்றேன். அவன் சிரித்துவிட்டு விலகி நின்றான்.

கற்பகத்தின் கையைப் பார்த்தேன். தறியில் பாவு இழை பிணைக்கிற கை அது. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும், நாலாயிரம் ஐயாயிரம் தடவை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரும்பு மாதிரி இருக்கும். மணிக்கட்டில் மட்டும் வலு குறைவு. பிஸ்டலில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும், அதற்கு மணிக்கட்டு வேண்டும். பாதுகாப்புக் கொக்கியைத் தள்ள வேண்டும். பயத்தில் இருக்கும் புது ஆள் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் மறப்பார். மறந்து, நினைவு வந்து, சரி செய்வதற்கு இரண்டு மூன்று விநாடி ஆகும். எதிரில் நிற்பவர் யார் என்று முகத்தைப் பார்ப்பதற்கு அந்த இரண்டு விநாடி தாராளம்.

அதனால் பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் ஒன்று எடுத்தேன். கொக்கி இல்லை, இழுப்பு இல்லை. விரலை மடக்கினால் வெடிக்கும். ஒன்று வெடிக்காவிட்டாலும் திரும்ப மடக்கினால் அடுத்தது வெடிக்கும். விசை மட்டும் அவள் விரலுக்குக் கொஞ்சம் எட்டத்தில் இருந்தது. ஊருக்கு வந்து ஆசாரியிடம் கொடுத்துக் கைப்பிடிக் கட்டையை ஒரு நூல் அளவு இழைத்துக் குறைக்கச் சொன்னேன். பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்குன்னே செஞ்ச மாதிரி கீது மாமா” என்றாள். அவள் என்னிடம் அப்படி மனசார ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

கலசப்பாக்கம் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் நாலு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்தேன். கமலக்கண்ணனும் கூடவே வந்து பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். குறி பார்க்க நான் கற்றுக் கொடுக்கவில்லை. பத்தடி தூரத்துக்குக் குறி எதற்கு? கேட்காமல் சுடுவதைத்தான் கற்றுக் கொடுத்தேன்.

“யாருன்னு கேக்காம எப்டி மாமா?”

“கேட்டா நீ எங்க கீறன்னு அவனுக்குத் தெரிஞ்சிபூடும். உன் வூட்டுப் பின்கதவுல நம்ம ஆளு எவன் வரப்போறான்?”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “நான் எதுக்குப் பின்னால வர்றேன்? ராஜா மாதிரி முன்வாசல்ல வருவேன்” என்றான் அவன், கடலைத் தோலை ஊதிக்கொண்டே. நியாயமான பேச்சுதான். அந்தப் பின்சந்தில் சாக்கடையும் பன்றியும் தவிர எதுவும் கிடையாது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை நான் பின்னாலிருந்து கையைத் தட்டினால் போதும், திரும்பி இரண்டு குண்டு போட்டுவிடுவாள்.

பிறகு காத்திருந்தேன். பதினோரு மாதம். அவசரப்பட்டவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

ஆனி மாதம் டெலிபோன்காரர்கள் கமலக்கண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். அங்கேயும் கமலக்கண்ணன் வீட்டிலும் போன் செத்துப்போனது. அந்தத் தெருவில்தான் நெசவாளி தனக்கோடி வியாழக்கிழமை விடிகாலையில் பாவு நீட்டுவதாக இருந்தான். நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் சொல்கிறேன். பாவு என்றால் மூன்று புடவைக்கான நீள இழைகள் அத்தனையும். வெயில் ஏறுவதற்குள் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சீராக்கிச் சுருட்ட வேண்டும். அது முடியும்வரை யாரும் பாவைத் தாண்டக் கூடாது, குனிந்து அடியில் போகவும் கூடாது. மந்திரியே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தனக்கோடி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். “கமலக்கண்ணன் வாசல் சந்துல நீட்டிக்க, நானும் வந்து புடிக்கிறேன்” என்றேன். அந்த முன்சந்து ஒரு வண்டி போகிற அகலம்தான். பாவு கட்டினால் பிடிக்கிறவர்கள் நிற்கத்தான் இடம் இருக்கும். தனக்கோடி கையெடுத்துக் கும்பிட்டான். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

புதன்கிழமை மதியம் கமலக்கண்ணன் பெங்களூரிலிருந்து வங்கிக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டான். “வூட்டு போன் போகல அண்ணா. நாளைக்கு விடிகாலைல வந்துடுவேன்னு கற்பகத்துகிட்ட சொல்லிடு.”

சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறான் என்று சொன்னேன். மாற்றியது ஒரு கிழமையை மட்டும்தான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடக்கத்தி ஆட்கள் அவள் வீட்டை விசாரித்ததாகவும் சொன்னேன். “காலைல உன் வாசல்ல பாவு. ஜனம் பூரா முன்னால இருக்கும். பின்னால வர்றவனுக்கு அதவிட தோது இன்னா வேணும்? நீ வெளிய வராத.” தலையை ஆட்டினாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணி இருக்கும். நான் சந்து முனையில் பாவின் தலைப்பைப் பிடித்திருந்தேன். கமலக்கண்ணன் பையோடு வந்து நின்றான்.

“இன்னாண்ணா, நம்ம சந்துல பாவு?”

“தனக்கோடிது. அவன் தெருவத் தோண்டிட்டானுங்க. நீ பின்னால போ.”

“கற்பகம்?”

“தூங்கிகினு இருப்பா. பேஜார் பண்ணாத. பின்கதவுக் கொக்கிய நீயே நெம்பிக்கினு போ.”

அவன் பாவுக்கு மரியாதை தெரிந்த நெசவாளி. புழுதி கிளம்பி இழையில் ஒட்டிவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பிப் போனான்.

இரண்டு சத்தம் கேட்டது. தனக்கோடி பாவைப் போட்டுவிட்டு ஓடினான், எல்லோரும் ஓடினார்கள். நான் தலைப்பை முளையில் கட்டிவிட்டுத்தான் போனேன். அடுத்தவன் உழைப்பு, விட்டால் அறுந்துபோகும்.

கற்பகம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “நீங்க சொன்ன மாதிரியே யாருன்னு கேக்கல மாமா” என்றாள். வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனே கிழமையை மாற்றி ஒரு நாள் முன்னாடி வந்துவிட்டான் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு ஊர் என்ன பேசியது தெரியுமா? வீரபாகு தப்பான துப்பாக்கியைப் பொம்பளை கையில் கொடுத்துக் குடி கெடுத்துவிட்டான் என்றது. டீக்கடையில் என் காது படவே பேசினார்கள். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: துப்பாக்கி தப்பில்லை. தேர்வு தப்பில்லை. கமலக்கண்ணனை நான்தான் கொன்றேன். அதற்கு அவள் விரலை எடுத்துக்கொண்டேன், அவளுக்குத் தெரியாமல். நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது உங்கள் சௌகரியம். இருபது வருஷம் முன்னால் நியாயமாக நடந்திருக்க வேண்டியது தாமதமாக நடந்திருக்கிறது. அவள் கொஞ்ச நாள் அழுவாள், பிறகு யோசித்துப் பார்ப்பாள்.

இதை எழுதுவதற்கு முன் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டேன், நீங்களும் விட்டீர்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தை வைத்த இடத்திலேயே வைத்துக் கேட்டாள். நான் இங்கே வந்து பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பெண் காவலர் பச்சையம்மாள் வந்து, கற்பகம் தனியாக வாக்குமூலம் கொடுக்கிறாள் என்று சொன்னாள். “அந்த ஆளு தயவுல எனக்கு விடுதலை வாணாம். எம்புருஷன நான்தான் தெரிஞ்சே சுட்டேன். அப்டியே எழுதிக்கோங்க” என்றாளாம்.

அதை நீங்கள் நம்பக் கூடாது, ஐயா. பச்சைப் பொய். ஆனால் பாருங்கள், என்னைக் காப்பாற்ற அவள் ஜெயிலுக்கே போகத் துணிந்துவிட்டாள்.