கையை ஆட்டாதேம்மா

இப்படிக் குடும்மா கையை. என்ன வெக்கம்? அந்தப் பட்டன் ஒத்தை நூல்ல தொங்கிட்டிருக்கு, நீ வந்து உக்காந்ததுலேர்ந்து எனக்குக் கண்ணு அதுலயேதான் இருக்கு. சட்டையைக் கழட்ட வேண்டாம், போட்டிருக்கும்போதே தைச்சுடுவேன். கையை மட்டும் ஆட்டாதே, ஊசி குத்தும். ஊசியும் நூலும் இல்லாம நான் எங்கயும் போறதில்லை. தையல்காரிம்மா, சொந்தக் கடை.

ஆமா, நர்ஸ் சொன்னது சரிதான். நான்தான் குடுத்தேன், ஒரு கிட்னியை. என் தம்பிக்கு. நீ தங்கச்சிக்கா? லீவு முடிஞ்சதும் ஆபரேஷனா? நல்லது, நல்லது. மூஞ்சியை ஏன் அப்படி வெச்சுக்கிறே? வலியெல்லாம் கொஞ்ச நாள்தான். தும்மினா வலிக்கும், சிரிச்சா வலிக்கும். எங்க வீட்டுல சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாததால எனக்குச் சீக்கிரமே ஆறிடுச்சு. தழும்பு இருக்கும். எனக்குத் தைச்ச டாக்டர் கொஞ்சம் கோணலா தைச்சுட்டார். நானா இருந்தா இன்னும் பொடித் தையலா போட்டிருப்பேன்.

உன்கிட்ட மனசு விட்டுப் பேசலாம்னு தோணுது. நீயும் குடுக்கப் போறவ. குடுத்தவங்க மனசு வாங்கினவங்களுக்கு எங்கம்மா புரியும்?

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல பாதிப் பேரை மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினவன். கடைசியில நம்ம வீட்டு மாடிப்படி நாலு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காந்துட்டான். மூஞ்சி வீங்கி, காலு வீங்கி, பாக்கச் சகிக்கலை. ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. அவன் பொண்டாட்டியோடது ஒத்துப் போகலை. அவளோடது எது ஒத்துப் போச்சு, அதை விடு. என்னோடது அப்படியே ஒத்துப் போச்சு. நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கலைம்மா. எங்க வீட்டுக்காரர்தான், நல்லா யோசிச்சுக்கோன்னார். கடவுள் ரெண்டா குடுத்ததே ஒண்ணைக் குடுக்கத்தான்னேன். அவர் அப்புறம் வாயைத் திறக்கலை. பொதுவாவே அவர் திறக்கிறதில்லை.

எனக்குப் பக்தி ஜாஸ்தி. காலையில எழுந்தா முதல்ல கடவுளுக்கு நன்றி, அப்புறம்தான் பல்லு விளக்குறது. எங்க வீட்டுல ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், நீயும் வெச்சுக்கோ. வருஷக் கடைசி லீவுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். நாங்க ரெண்டு பேரு, மாடியில இருக்கிற தம்பி, அவன் பொண்டாட்டி. எல்லாம் சமைச்சு மேசையில வெச்சு மூடி போட்டிருப்பேன். ஒவ்வொருத்தரும் அந்த வருஷத்துல நடந்த ஒரு நல்லதைச் சொல்லி, அதுக்கு நன்றி சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகுதான் மூடியைத் திறப்பேன். எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம், எல்லாத்துக்கும் நன்றி, அவ்வளவுதான்னுடுவார். மனுஷனுக்குப் பசி.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் வருஷம் இருக்கே, அதைச் சொல்லணும். தம்பி முறை வந்துச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டான். அக்கா, நான் இப்ப விடுற மூச்சு நீ போட்ட பிச்சைன்னான். தேம்பித் தேம்பி அழறான். நானும் அழறேன், அவன் பொண்டாட்டியும் அழறா. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. என் கல்யாணத்துல கூட என்னை யாரும் அப்படிப் பாத்ததில்லைம்மா. பொய் சொல்லலை, அந்த வருஷம் பூரா அதை நெனைச்சுக்கிட்டேதான் மெஷினை மிதிச்சேன்.

அடுத்த வருஷம் பாரு. அக்காவுக்கு நன்றி. முடிஞ்சுது. கடைக்காரன் சில்லறை குடுக்கிற மாதிரி. எதுக்கு நன்றின்னு கேட்டேன். உனக்கே தெரியும்லக்கான்னான். எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரிய வேண்டாமா, முழுசா சொல்லுன்னேன். சொன்னான். குனிஞ்சுக்கிட்டே சொன்னா என்ன அர்த்தம், என்னைப் பாத்துச் சொல்லுன்னேன். மறுபடி சொன்னான். அதுக்குள்ள சாப்பாடு ஆறிப் போச்சு. என்மேல தப்பா? முதல்லயே ஒழுங்கா சொல்லியிருந்தா சூடா சாப்பிட்டிருக்கலாம்.

கையை ஆட்டாதேம்மா.

அதுக்கு அடுத்த வருஷம் தம்பி, பெரிய துரை, என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு உயிர் குடுத்த கடவுளுக்கு நன்றின்னார். கடவுளுக்கு! ஏண்டா, கடவுளா வந்து கத்திக்கு அடியில படுத்தாருன்னு கேட்டேன். தப்பா எடுத்துக்காதே, கடவுளுக்கும் நன்றிதான், நான் இல்லைங்கலை. வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்றாங்க. உப்புக்கே அப்படின்னா கிட்னிக்கு எவ்வளவு நினைக்கணும்? அவனுக்கு உப்பே ஆகாது, அது வேற விஷயம்.

உப்புன்னதும் ஞாபகம் வருது. அவங்க சமையல்ல உப்பு ஜாஸ்தின்னா கீழே இருந்து மோந்து பாத்தே சொல்லிடுவேன். மேலே போய் அடுப்பை அணைச்சிருக்கேன். அவளுக்குக் கோவம். எனக்கென்ன, அவ புருஷனை நானா கேட்டேன்? அவனுக்குள்ள இருக்கிறதுக்குத்தான் நான் காவல். தினம் மாத்திரை போடலைன்னா உடம்பு அந்தக் கிட்னியை ஏத்துக்காது, அதனால காலையில அதைப் போடுறப்ப பக்கத்துலயே நின்னு, முழுங்கினதும் வாயைத் திறடா, நாக்கைத் தூக்குடான்னு பாப்பேன். நாப்பது வயசு ஆம்பளை திறந்து காட்டுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்லுவேன். அவங்களும் தெரிஞ்சுக்கட்டுமே, இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு அக்கா இருக்கான்னு. அவன் வேலை பாக்குற கம்பெனி சூப்பர்வைசருக்கு ஒரு நாள் போன் போட்டேன். சார், என் தம்பியை உயரத்துல ஏத்தாதீங்க, உள்ளே இருக்கிறது என்னோடதுன்னு. அந்த ஆளு அதை எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சிருக்கான். அன்னியிலேர்ந்து வேலை செய்யுற இடத்துல என் தம்பிக்கு அக்கா கிட்னின்னே பேரு. அதுக்கு என்கிட்ட கத்துறான். ஏண்டா, இல்லாததையா சொன்னாங்கன்னு கேட்டேன்.

நீ ஏன் சிரிக்க மாட்டேங்கிறே? எல்லாரும் சிரிப்பாங்க இதுக்கு.

சரி கேளு. போன வருஷ லீவு. மேசை போட்டாச்சு, மூடி போட்டாச்சு. தம்பி பொண்டாட்டி முறை. எழுந்து நின்னுக்கிட்டா. எங்களுக்குன்னு ஒரு சின்ன வீடு கிடைச்சிருக்கு, அவர் வேலைக்குப் பக்கத்துலயே, அடுத்த மாசம் போறோம், அதுக்காகக் கடவுளுக்கு நன்றிங்கிறா. நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! நான் தம்பியைத்தான் பாத்தேன். ஆமாக்கா, பக்கத்துலதான், வாரா வாரம் வந்துடுவோம்னான். எனக்கு நெஞ்செல்லாம் எரியுது. ஆனா கத்தலைம்மா நான். ரொம்ப அமைதியா சொன்னேன். போடா, தாராளமா போ. யாரு வேண்டாம்னா? என் பொருளை வெச்சிட்டுப் போ.

எங்க வீட்டுக்காரர் கூட நிமிந்து பாத்தார். அவ அழ ஆரம்பிச்சுட்டா. தம்பி மட்டும் அழலை. அந்த மூடிகளையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் சரிக்கான்னான்.

அவ்வளவுதான். மூடியைத் திறந்தோம், சாப்பிட்டோம். அன்னிக்கு அவன் நல்லா சாப்பிட்டான், ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த வீடும் வேண்டாம்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அவன் குணமே மாறிப் போச்சு போ. எதுத்துப் பேச்சு இல்லை, முறைப்பு இல்லை. எது சொன்னாலும் சரிக்கா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டான். இனிமே மாத்திரைக்கு நீ வந்து நிக்காதேக்கா, அவ கையால குடுக்கட்டும், அவளுக்கும் ஒரு திருப்தின்னான். சரி, இவ்வளவு தூரம் இறங்கி வந்தவனுக்கு அதைக் கூட விட்டுக் குடுக்கலைன்னா எப்படின்னு விட்டேன். பெருந்தன்மைன்னா அதுதானே?

அவன் இங்கதான் இருக்கான். அதோ, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. செக்கப்புக்கா? இல்லைம்மா. கண்ணு முழிக்கலை. உள்ளே அவன் பொண்டாட்டி மட்டும்தான் போகலாமாம். குடுத்தவ வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கேன். அந்தக் கிட்னி செத்துப் போச்சுன்னு டாக்டர் சொல்றார். உடம்பு பூரா விஷமாயிடுச்சாம், ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல போட்டும் தாங்கலையாம். எவ்வளவு நல்ல கிட்னி தெரியுமா? எனக்குள்ள இருக்கிற இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கு.

டாக்டர் கேட்டார், மாசக் கணக்குல மாத்திரையே போடலை போலிருக்கே, வீட்டுல யாருக்கும் தெரியாதான்னு. தம்பி பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா. நான் தினமும் என் கையால குடுத்தேனே, தண்ணி குடிச்சாரேன்னு. பாவம், தண்ணி குடிச்சதைத்தான் பாத்திருக்கா. நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாக்குற சாமர்த்தியம் எல்லாருக்கும் வருமா? டாக்டர் அவளைப் பாத்துதான் கேட்டார். என்னைக் கேக்கலை. அதனால நான் ஒண்ணும் சொல்லலை.

கேட்டிருந்தாலா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. மழை ஆரம்பிச்ச சமயம், அவன் யூனிஃபார்ம் பேன்ட்டை எடுத்துக்கிட்டு அவன் பொண்டாட்டி என் கடைக்கு வந்தா. அண்ணி, பாக்கெட்டு ஓட்டையா இருக்கு, கொஞ்சம் தைச்சுக் குடுங்கன்னு வெச்சிட்டுப் போனா. உள்பக்கத்தைத் திருப்பினேன். ஓட்டை வழியா விழுந்து விழுந்து, கால் மடிப்புக்குள்ள பூரா மாத்திரை. பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. தினம் பாத்த மாத்திரையாச்சே, வெள்ளையும் மஞ்சளும்.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும்கிறியா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க. நிழலோட அருமை வெயில்ல போனாத்தான் தெரியும். உடம்பு கொஞ்சம் படுத்தட்டும், காலு வீங்கட்டும், மறுபடி அந்தப் படியில மூச்சு வாங்க உக்காரட்டும், அப்ப தெரியும் நான் குடுத்தது என்னன்னு. அக்கான்னு வருவான்ல? அந்த முதல் வருஷம் மாதிரி என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே அவன் வாயில மாத்திரையைப் போட்டு விட்டுடுறேன்னு இருந்தேன். இந்த லீவுக்குள்ள வந்துடுவான்னு நெனைச்சேன்.

அதனால அந்த மாத்திரையை எல்லாம் ஒண்ணு விடாம எடுத்து, மறுபடி அந்தப் பாக்கெட்டுக்குள்ளயே போட்டு, ஓட்டையை நல்லா ரெட்டைத் தையல் போட்டு மூடினேன். இனிமே கீழே விழாது பாரு. இஸ்திரி போட்டு, சாயங்காலம் அவன் வேலை முடிஞ்சு வரும்போது படியில வெச்சு நானே அவன் கையில குடுத்தேன். வாங்கினான். பாக்கெட்டைத் தொட்டுப் பாத்தான். உள்ளே கிடக்குறது கையில தட்டுப்பட்டுது. என்னைப் பாத்தான். நானும் பாத்தேன்.

ரொம்ப நன்றிக்கான்னான்.

எப்படிச் சொன்னான்கிறே! கண்ணு கலங்கி, என்னை நேரா பாத்து, மனசார. அந்த முதல் வருஷம் சொன்னானே, அச்சு அசல் அதே மாதிரி. நான் கேக்கவே இல்லை, தானா சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ராத்திரி கடவுள்கிட்ட அதைச் சொல்லித்தான் படுத்தேன்.

ஏய், ஏய், கையை இழுக்காதே! நூலை இன்னும் அறுக்கலைம்மா. இழுத்தா மறுபடி பிஞ்சுக்கும். எங்க எழுந்துட்டே? டாக்டர் ரூமு அந்தப் பக்கம் இல்லை, அது வெளியே போற வழி. உன் தங்கச்சிக்குக் குடுக்கணும்ல நீ? குடு, கண்டிப்பா குடு. ஆனா படுக்கிறதுக்கு முன்னாடியே அவகிட்ட எல்லாத்தையும் பேசிக்கோ, அப்புறம் என்னை மாதிரி...

என்ன பொண்ணு இது, நூலோட ஓடுது. ஏம்மா! நில்லும்மா! பட்டனுக்காவது ஒரு நன்றி சொல்லிட்டுப் போ!