தசரத மேஸ்திரியின் மழை ஏற்பாடு

…அந்தப் பாவி எவன்னு தெரிஞ்சா வுடுவனா ரைட்டரய்யா! அய்ய, இன்னா தண்ணியிலியே நிக்கறீங்க? ஏறி மேசை மேல குந்துங்க. வெக்கப்படாதீங்க, நானே குந்திக்கினு இல்ல? வேலைக்கு வந்த மொத நாளே ஆபீசுக்குள்ள நீச்சல்! ஹஹ்ஹா… சிரிக்காம இன்னா பண்றது, சொல்லுங்க.

இன்னா, தண்ணி ஏன் வடியலயா? அதத்தாங்க நானும் காலையிலேர்ந்து கேக்கறேன்! எவனோ பண்ண வேலை. இந்த தசரத மேஸ்திரி மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. சனிக்கெழம மெட்ராஸ்லேர்ந்து புயல் தந்தி வந்திச்சா? வந்த நிமிசமே குளத்து மதகத் தொறந்து ரெண்டடி எறக்கிட்டேன். வர்ற மழைக்கு எடம் வேணுமில்ல? அதுக்கு எம் பொண்டாட்டி ரத்தினம்மா, "குடிக்கிற தண்ணிய தொறந்து வுடறியே, புத்தி கெட்டுப்பூட்சா"ன்னு ஒரே கத்தலு. அவ வாயி பங்காருபேட்டை ஸ்டேசன் வரைக்கும் கேக்கும்ங்க. அவ அண்ணன் ஒருத்தன் பூதிகோட்டையில… சரி, அது வேற கத.

பம்புக்குக் கரி ரெடி. சொரங்கத்துக்குள்ள இருந்த ஷிப்டு ஆளுங்கள மழைக்கு முன்னியே கேஜுக் கூண்டுல மேல ஏத்தியாச்சு, கீழ ஈ காக்கா இல்ல. ஆனா சொரங்கத்துல எறங்கற ஷாஃப்டுக் குழி வாயிக்குத் தண்ணி ஏற இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. தண்ணி உள்ள பூந்திச்சின்னா மூணு மாசம் வேலை நிக்கும். இத்தினி குடும்பம் இன்னா துன்னும்? எனக்கு பயமா இருக்குது ரைட்டரய்யா. அதான் சிரிக்கறேன்.

ஷாஃப்டச் சுத்தி அணை போட மணல் மூட்டையா? கேட்டீங்களே ஒரு கேள்வி! எரநூறு மூட்டை! வெளிய போட்டா வெயில்ல சாக்கு இத்துப்பூடும், ஆடு ஏறி கிழிக்கும், தொரை கண்ணுல குப்பையாப் படும். அதனால டிராம் ரோட்டுக்கு அடியில கல்லால கட்டி வுட்டது ஒண்ணு இருக்குதில்ல? நல்லா நெழலு, எந்நேரமும் காலியா கெடக்கும். அதுல கூரை வரைக்கும் அடுக்கினேன் பாருங்க, நடுவுல ஒரு வெரலு பூராது!

அது இன்னாத்துக்குக் கட்டினதா? மழத்தண்ணி வெளிய போறதுக்கு…

ரைட்டரய்யா… அப்டி பாக்காதீங்க.

அய்யய்யோ, எங்க குதிக்கறீங்க? அந்தப் பக்கம் தொரை பங்களா! மூட்டை இந்தப் பக்கம்! நான்தான் அடைச்சேன்னு அப்பால போயி சொல்லிக்கோங்க, நானே கூட வந்து சொல்றேன்… மொதல்ல வந்து ஒரு கை புடிங்க சாமி!