அண்ணனின் திருத்தங்கள்

— செவ்வாக்கெழம இல்ல கலை. அப்பாவ எடுத்தது புதன்கெழம.

— சரிண்ணே, புதன். அன்னிக்கு ஏன் வரலன்னுதான கேட்டேன்?

— கேக்குறதுதான் கேக்குற, கெழமைய சரியா சொல்லிக் கேளு.

— லீவு போட்டுட்டு பத்து பெரண்டாம்லேர்ந்து லூபோக் சீனாவுக்கு, உன் வீடு தேடி வந்திருக்கேன். கெழம கத்துக்கவா? நாளைக்கு அப்பாவுக்குத் தல தெவசம். மூத்த புள்ள நீ. கணேஸ்வரன்னு பேரெடுத்தாலே அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ஏன் வரலன்னு ஒரு வார்த்த சொல்லாம வாசப்படி ஏறக்கூடாதாம். சின்னவன் விமலனே உக்காந்து எல்லாத்தையும் செஞ்சிரட்டுமாம். இதையும் விட்டன்னா அவ்வளவுதான்ணே, ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.

— அந்த வீட்டுக்கு ஏது படி? சிமெண்டு சரிவுதான.

— பாத்தியா, இதத்தான் சொல்றேன். எங்க ஃபேக்டரி சூப்பர்வைசர் தர்மேந்திரனும் இப்படித்தான். போன மாசம் ஒரு பெட்டி சாமான் மொத்தமும் கெட்டுப்போச்சு. மிஷின பாருங்கன்னு ரெண்டு தடவ சொன்னேனேன்னு கேட்டா, ரெண்டு இல்லியாம், ஒன்றரையாம். ரெண்டாவது தடவ பாதியில டீக்கு மணி அடிச்சிருச்சாம். எனக்குக் கோவமே வரலண்ணே, சிரிப்புதான் வந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பதில் இல்லாதவங்கதான் இப்படிச் சின்னதப் புடிச்சித் தொங்குறாங்களா, இல்ல, பதில் இருந்தும் வாய்ல வரமாட்டேங்குதா? நெசமா தெரிஞ்சிக்கத்தான் உன்னக் கேக்குறேன்.

— எனக்கென்ன தெரியும்லா. சின்னதுன்னா கையில நிக்குது. பெருசு நிக்க மாட்டேங்குது.

— அப்பாவ எடுத்த அன்னிக்கு அம்மாவுக்கும்தான் நிக்கல. வண்டி கெளம்ப நேரமாச்சுன்னு கந்தசாமி மாமா பறக்குறாரு. இவங்க ரோட்டையே பாத்துக்கிட்டு, பெரியவன் வேலைக்குப் போன ஜொகூர்லேர்ந்து வந்துக்கிட்டிருப்பான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கெஞ்சுறாங்க. கடைசியில கரண்டு சுடுகாட்டுல நீ அமுக்க வேண்டிய பட்டன விமலன் அமுக்கினான். ஒரு அமுக்கு. முடிஞ்சிருச்சு.

— ரெண்டு.

— என்ன ரெண்டு?

— ரெண்டு தடவ. மொத தடவ தொட்டதுமே கைய எடுத்துட்டான். பொறவு பக்கத்துல நின்ன ஆளு அவன் கையப் புடிச்சி அமுக்க வச்சாரு.

— அண்ணே, அங்க நின்னு பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். நாங்க யாரும் வெளிய பேசினதே இல்ல. நீ அன்னிக்கு ஜொகூர்ல இருந்தேன்னு சொன்னியே?

— காலையில இருந்தேன்னு சொன்னேன்.

— எங்க நின்ன?

— கூட்டத்துக்குக் கடைசியில. மோட்டர்ல வந்தேன். ஹெல்மெட்டக் கழட்டல. எவனோன்னு நெனச்சிருப்பீங்க.

— ஒரு வருஷமா எவ்வளவு பேச்சு வாங்கின. இத ஒரு தடவ சொல்லியிருந்தா அம்மா ஓடி வந்திருப்பாங்களேண்ணே. ஏன் இப்படி ஒளிஞ்சி நின்ன?

— நான் ரெஜினாவ சர்ச்சுல கட்டிக்கிட்ட அன்னிக்கு அப்பா என்ன சொன்னாரு? நீயும்தான இருந்த.

— செத்தாலும் என் மூஞ்சில முழிக்காதன்னாரு.

— மூஞ்சில முழிக்காதன்னுதான் சொன்னாரு, கலை. பின்னால நிக்காதன்னு சொல்லலியே.