ரத்து செய்யும் முன்

அறையில் இருந்தவர்கள்: நடிகர்; அவர் மனைவி; மாதச் சந்தாவுக்குப் படம் காட்டும் கம்பெனியிலிருந்து கேமராவோடு வந்த ஆள்.

— முதல்ல அந்த லைட்டை அணைங்க தம்பி. எனக்குப் பதில் வேணும்.

— வேற ஒண்ணுமில்ல மேடம், சின்ன ஷூட்டிங்தான்...

— எங்க அக்கா உங்க சந்தாவை ரத்து பண்ணப் போனா. பட்டனை அமுக்கறதுக்குள்ள இவர் மூஞ்சி வந்து நிக்குது. "போயிடாதே. நீ இல்லாத வீட்டுல நான் டிவிகூடப் போட மாட்டேன்."

— விடும்மா. அது விளம்பரம்.

— இவர் படம் ஓடி எத்தனை வருஷமாச்சு? இவருக்கு எதுக்கு இப்படி அள்ளிக் குடுக்கறீங்க?

— வேற ஒண்ணுமில்ல மேடம். படம் எல்லா கம்பெனிகிட்டயும் இருக்கு. போகாதேன்னு கம்பெனி சொன்னா எவன் கேப்பான்? பழகின முகம் கெஞ்சினா விரல் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குத்தான் காசு.

— தயங்கும். எனக்குத் தெரியாதா? போன மழைக்காலம் பெட்டியோட இதே வாசல்ல நின்னேன். இவர் இதையேதான் சொல்லி அழுதார். பெட்டியைக் கீழே வச்சுட்டேன்.

— மனசுல இருந்து வந்துச்சு. அதையே அங்கேயும் சொன்னேன். தப்பா?

— வீட்டு அழுகையை வித்துட்டு, தப்பான்னு வேற கேக்கறீங்க.

— நடிகன்டி நான். வேற எதை விக்கறது?

— சரி, வித்துத் தொலைங்க. முதல்ல எனக்குச் சொன்னதாச்சே. அது போதும்.

— ஐயோ மேடம், சண்டை வேணாம். சார் எதையும் விக்கல. அந்த வரி எங்க ஆளுங்க எழுதினது. ஷூட்டிங்குக்கு முன்னாடியே அனுப்பிட்டோம். "வீட்டுல சொல்லிப் பார்த்தேன், நல்லா வேலை செய்யுது"ன்னு சார்தான் போன் பண்ணி...

— யோவ், வாயை மூடுய்யா! இங்கே பாரும்மா. விடு. சொல்லும்போது நிஜமாத்தான் அழுதேன்.

— ஸ்டாண்டை எடுத்துக்குங்க தம்பி. அந்த ஒயரையும் சுருட்டுங்க. நீங்களும் எழுந்திருங்க.

— நான் எங்கே?

— போன தடவை நான் கிளம்பினேன். இந்தத் தடவை நீங்க.

— கொஞ்சம் கேளும்மா. கையை எடு. கதவைச் சாத்தாதே!

— செருப்பு. இந்தாங்க.

— யோவ், சீக்கிரம் சொல்லுய்யா. இதுக்கு அடுத்து என்ன சொல்லணும்? ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?

— பூட்டிட்டாங்க சார்.