பாஸ்வேர்ட் நோட்டு

செடெனாக் தொழிற்சாலைக்குப் போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கண்ணை மூடியபடியே பேசினாள்.

“பேரப் பாத்துட்டு, கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பாடத்த எனக்குத் தமிழ்ல வச்சிட்டாங்கக்கா. நான் படிச்சது மலாய் ஸ்கூல். ரெண்டு தடவ ஃபெயில். இன்னொரு தடவன்னா கேட்ல தட்டி உள்ள போற கார்டு வேல செய்யாதாம்.”

“மொழிய மாத்த வேண்டியதுதான லா?”

“ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பதிவெல்லாம் பாக்குற கிராணிகிட்ட போனேன். பாஸ்வேர்ட் கேட்டாரு. அவரு நோட்டுல எழுதிக் குடுத்தேன், மலாய்க்கு மாத்திட்டாரு. பரீட்சையில மொத கேள்வியே, பாஸ்வேர்ட யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களான்னு.”

“என்ன போட்ட?”

“இல்லன்னுதான். பாஸாயிட்டேன்.”

மூத்தவள் கொட்டாவி விட்டாள்.

“அந்த நோட்டுல மொத பக்கத்துல இருக்கறது என்னோடது.”