அக்கா குடுத்த கிட்னி

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க. எட்டு நாள் இதே ஆஸ்பத்திரில படுத்து எழுந்துட்டேன். இன்னிக்கும் உள்ள கூப்ட்டு அந்த டாக்டரம்மா அதே கேள்விதான் கேப்பாங்க. "தேவானந்தம்... என்ன சாப்ட்டீங்க? எங்க சாப்ட்டீங்க?" போலீஸ் ஸ்டேஷன்ல கூட இப்டி கேக்க மாட்டாங்க சார்!

உங்களுக்கு கிட்னி மாத்தி மூணு மாசமா? எனக்கு ஒன்றர வருசம். எங்கக்கா அருள்மேரி குடுத்தது. இரும்புலியூர்ல எனக்கு அடுத்த தெரு. தெனம் காலைல போன், அப்பால சமைச்சிப் போட ஆளே வந்துடுவா. "டேய், என் கிட்னி எப்டிடா கீது?" நான் எப்டி கீறேன்னு ஒரு வார்த்த... ம்ஹூம்!

வெட்டி வெச்ச பழம் கூடாது. ஓட்டல் சட்னி கூடாது. பக்கத்து வீட்ல ஆசையா கூழ் குடுத்தா வாசல்லயே மறிச்சிடுவா. சோப்பு போட்டு கழுவுனியான்னு கையப் புடிச்சி மோந்து பாக்குறா சார்!

அப்பிடியும் வயித்தால போச்சு. ஒரே நாள்ல பன்னெண்டு வாட்டி! மெடிக்கல்ல எதையாச்சும் வாங்கி முழுங்கலாம்னு கெளம்புனேன். சட்டையப் புடிச்சி ஆட்டோல ஏத்திட்டா. நல்லவேள! "கண்ட மாத்திர போட்டா கிட்னி மாத்திரையோட சண்ட போடும்"னாங்க டாக்டரம்மா. நம்ம மாத்திர எதிர்ப்பு சக்திய அடக்கி வெச்சிருக்கில்ல? மத்தவங்களுக்கு ரெண்டு நாள்ல போற கிருமி நமக்குள்ள பாயே போட்டுப் படுத்துடுது. டிரிப்ஸ் ஏத்தி, டெஸ்ட் பண்ணி, மருந்து குடுத்து... சரியாச்சு. ஆனா எங்கேந்து வந்துச்சுன்னு தெரியலன்னா மறுபடி வருமாம். கிட்னி தாங்குமோ என்னவோன்றாங்க.

அக்கா பால்காரர நிறுத்திட்டா. ஹவுஸ் ஓனர் தட்சிணாமூர்த்தியோட மல்லுக்கட்டி தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டிய, அந்த சம்ப்பக் கழுவ வெச்சா. இப்ப, "என் சமையல்தான்டா காரணம்"னு ஒரே அழுக. பாவம் சார்!

தண்ணியா? பத்து நிமிசம் தளதளன்னு கொதிக்க வெச்சிதான் குடிக்கிறேன். அக்கா வாட்ச்சப் பாத்துகினே நிப்பா. இன்னா ஒண்ணு... அது எப்ப ஆறி, நம்ம எப்ப குடிக்கிறது? இந்த வெயில்ல! அவ அந்தாண்ட போனதும் கொழாயத் தொறந்து அரை சொம்பு பச்சத் தண்ணி ஊத்தி... லேசா வெளாவி...

ஏன் சார் அப்டி பாக்குறீங்க? குளிக்க வெளாவுறதில்லியா? சுடுதண்ணில சேந்தா கிருமி அதுவா செத்துடாது?

...சாவாதா?

ஐயய்யோ.

சார், எங்க எழுந்துட்டீங்க? எதுக்கு உங்க பாட்டில் தண்ணிய பேசின்ல கவுக்குறீங்க?

அட! நீங்களும் வெளாவுற கேசா!

இதோ, என் பேர கூப்புடுறாங்க. வாங்க, சேந்தே போய் சொல்லிடுவோம்... நீங்க முன்னாடி போங்க சார்.