கண்ணாடித் தொட்டியில் கரித்த தண்ணீர்

அவையை அலங்கரிக்கும் அக்கிராசனர் பெஞ்சமின் அவர்களே, நரைத்த தலையும் நிறைந்த அறிவுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, நம் வாசகசாலைச் சங்கத்து அன்பர்களே, இந்த இராயப்பனின் சிரம் தாழ்ந்த வந்தனம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தண்ணீருக்குள்ளே தோட்டம் போட்டவன் இந்தப் பினாங்குத் தீவிலே என்னைத் தவிர எவன்? சூலியா தெருவில் வாங்கிய கண்ணாடித் தொட்டி, நீளம் இரண்டு முழம். அடியிலே ஆற்று மணல். மணலிலே அல்லிக் கிழங்கு, நடுவிலே நாடா போல நீண்ட புல், மேலே மிதக்கும் ஆகாயத்தாமரை, மூலையிலே வேலம்பாசி, ஊடே இரண்டு குட்டி மீன். நெட்டையானது குட்டையின் வெளிச்சத்தைப் பறிக்காமல், மிதப்பது மூழ்கியதை மூடாமல், நான்கு செடியையும் நான்கு மாதம் ஒன்றாக வாழவைத்தேன். துரைமார் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். என்ன, பின்வரிசைத் தம்பி, பத்தா என்கிறாயா? சரி, இரண்டு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

அந்த வேலம்பாசி யார் தந்தது? நம் சங்கத்துக் காரியதரிசி, என் பக்கத்து வீட்டு முனுசாமி தந்தது. ஆயர் ஈத்தாம் ஆற்றிலே இறங்கி எனக்காகப் பறித்து வந்தது.

கேளுங்கள் கொடுமையை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டியைப் பார்க்கிறேன். அல்லி அழுகிக் கிடக்கிறது. புல் வெளுத்துக் கிடக்கிறது. ஆகாயத்தாமரை கரைந்து கிடக்கிறது. வேலம்பாசி மட்டும் பச்சையாய் நிற்கிறது. யோசித்தேனா? விசாரித்தேனா? தெருவே கேட்கக் கத்தினேன்.

"முனுசாமி, நீ குடுத்தது விஷப் பாசிடா. வேணும்னே குடுத்திருக்கே."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "விஷம்னா மீனு மொதல்ல செத்திருக்கும்லா அண்ணே. ரெண்டும் துள்ளுது பாருங்க."

"மீனுக்கு வக்காலத்து வாங்காதே" என்றேன்.

திரும்பிப் போனார். மறுநாள் அக்கிராசனரிடம் சாவியைக் கொடுத்துப் பதவியையும் விட்டார். திறக்க ஆளில்லாமல் இருபது நாளாக நம் வாசகசாலை பூட்டிக் கிடக்கிறதே, அந்தப் பூட்டு நான் போட்டது.

நேற்று செத்த செடிகளை வாரும்போது உதட்டில் ஒரு துளி தெறித்தது. உப்பு. குழாய்த் தண்ணீரில் ஏது உப்பு? வீட்டுக்காரி அமலம்மாளைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க, ஊர்க் கண்ணெல்லாம் நம்ம தொட்டி மேலதான்னு. அதான் செபம் முடிஞ்சதும் கோயில்ல மந்திரிச்ச உப்பை மூணு விரல்ல எடுத்துப் போட்டேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழமை ரெண்டு தடவ."

ஐயா, அவள் போட்டது பக்தியால். போட வைத்தது எது? என் பெருமை. செடியைக் கொன்றது என் பெருமை, சிநேகிதனை விரட்டியது என் பெருமை, சங்கத்தைப் பூட்டியது என் பெருமை. நான்கு செடிக்கு இடம் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, ஒரு மனிதன் சொன்ன நியாயத்துக்குக் காது கொடுக்கத் தெரியவில்லையே. தெருவிலே பழி சொன்னவன் வீட்டுக்குள்ளே மன்னிப்புக் கேட்கலாமா? ஆகவே மேடையிலே கேட்கிறேன். தூணோரம் நிற்கும் தம்பி முனுசாமி, தப்பு என்னுடையது. அக்கிராசனரிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளும்.

என்ன கேட்கிறீர்? "தண்ணிய மாத்திட்டீங்களாண்ணே" என்றா? மாற்றிவிட்டேன், பத்துக் குடம். சரி, ஆறு குடம்.

சபையோரே, அவர் மேடைக்கு வருகிறார், கையை நீட்டுகிறார். இதற்கு மேல் நான் பேசினால் வாசகசாலைக் கதவு திறக்கத் தாமதமாகும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, தாய்மார்களுக்குத் தனி நன்றி. எல்லாருக்கும் வந்தனம்.